தூணில் ஒட்டியவளும் நீந்திப் போனவளும்

ஊட்டி விடுற தொழில்கள்லயே ரொம்பப் பாவப்பட்டது எங்களுதுதான். வாய் எங்க இருக்குன்னு மைக்ராஸ்கோப்ல தேடிக் கண்டுபிடிச்சுத்தான் ஊட்டணும், ஊட்டி முடிச்சா கழுத்து நம்ம கழுத்தா இருக்காது.

நீங்களும் யாருக்காவது ஊட்டிக்கிட்டும், யாருக்காவது காத்துக்கிட்டும் இருக்கிறவங்கதானே? பிள்ளைக்கு, மாமியாருக்கு, தொட்டி மீனுக்கு. அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். கொச்சி மட்டாஞ்சேரியில, படகு வந்து நிக்கிற ஜெட்டிக்குப் பக்கத்துல, பழைய சுக்குக் கிட்டங்கி ஒண்ணை மறிச்சுக் கட்டின சின்ன லேப் எங்களுது. இன்னைக்கும் மழை பெஞ்சா சுவர் சுக்கு வாசம் அடிக்கும். மொத்தம் மூணே பேரு. லிஸி டாக்டர், படகு ஓட்டுற ஷமீர், அப்புறம் நான், இந்தப் பாக்கியம். டாக்டர்னா ஊசி போடுற டாக்டர் இல்ல, கடல் ஜந்துக்களைப் படிச்சு வாங்கின பட்டம். அது தெரியாம எங்க தெருவுல ஒருத்தி சர்க்கரை டெஸ்ட் சீட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா, டாக்டரும் பாவம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுப் பார்த்து, இனிப்பைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

அந்த டாக்டருக்கு ஒரே ஒரு ஏக்கம். ஜெட்டித் தூணுல படர்ந்து கெடக்கிற ஒரு ஜந்து குட்டி விடுறதை, ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரு தடவை கண்ணால பார்த்துடணும். அவ்வளவுதான். அதுக்காக நாங்க மூணு பேரும் பட்ட பாட்டைத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

தேங்காய் நார் கேட்டவள்

நான் அதுக்கு முன்னாடி தோப்பும்படியில இறால் உரிக்கிற ஷெட்டுல இருந்தேன். ஐஸ்லயே கெடந்து விரலெல்லாம் வீங்கிப் போச்சு. ஷமீரோட வீட்டுல எல்லாரும் தமிழ், பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், எங்க தெருதான். அவன்தான் "உக்காந்து பார்க்கிற வேலை இருக்கு, வாங்க சேச்சி"ன்னு கூட்டிக்கிட்டுப் போனான். மொத நாளு ஒரு மரப்பலகையை என் கையில குடுத்தாங்க. ஜெட்டியில கயித்தைக் கட்டித் தொங்க விட்டு எடுத்த பலகை. அது மேல பழுப்பா, பூனை மயிர் மாதிரி என்னமோ படர்ந்திருந்துச்சு. நான் என்ன நினைச்சேன், கழுவத்தான் குடுத்திருக்காங்கன்னு. "டாக்டர், தேங்காய் நாரு எங்க இருக்கு?"ன்னு கேட்டேன்.

டாக்டர் ஓடி வந்து பலகையை வாங்கிக்கிட்டாங்க. திட்டல. ஒரு துணுக்கைப் பிய்ச்சுக் கிண்ணத்துத் தண்ணியில விட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சு, பாருங்கன்னாங்க. பார்த்தேன், ஒண்ணும் இல்ல, குச்சி குச்சியா கெடந்துச்சு. கொஞ்ச நேரம் அசையாம இருங்கன்னாங்க. இருந்தேன். திடீர்னு ஒரு குச்சி நுனியில ஒரு கண்ணாடிக் கிண்ணம் தெரிஞ்சது, பல் பல்லா விளிம்பு வச்ச கிண்ணம். அதுக்குள்ள இருந்து ஒண்ணு மெல்ல எழும்பி, சுத்திவரக் கையை விரிச்சுது. அப்புறம் அடுத்த குச்சியில. அப்புறம் அடுத்தது. கல்யாணப் பந்தியில வரிசையா இலை போடுற மாதிரி. நான் ஒரு தும்மல் போட்டேன் பாருங்க, மொத்தப் பந்தியும் கிண்ணத்துக்குள்ள ஓடிப் போச்சு. அதுக்கு ஹைட்ராய்டுன்னு பேரு, செடியில்ல, மிருகம்னு டாக்டர் சொன்னாங்க. ஷமீர் பின்னாடி நின்னு சொன்னான்: "நீங்க மட்டும் அந்த நாரை எடுத்திருந்தா, டாக்டரோட பாதி ஆயுசு இன்னைக்கு ஓடையில போயிருக்கும் சேச்சி."

ஷமீரோட கண்ணிமை

அதுக்குச் சாப்பாடு இறால் குஞ்சு. பெரிய இறால் இல்ல, ஊசி முனையளவு, ஆரஞ்சு நிறத்துல துள்ளுற ஒரு வகை, முட்டையை வாங்கி உப்புத் தண்ணியில போட்டா பொரிக்கும். அதைக் கிண்ணத்துல விட்டா தானா பிடிச்சுத் தின்னும்னு நினைப்பீங்க. தின்னும். ஆனா வலுத்தது தின்னும், ஓரத்துல இருக்கிறது பட்டினி. அதனால ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு குஞ்சா தள்ளி விடணும். ஊசியால தள்ளினா அதோட கை அறுந்துடும். அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு குச்சி நுனியில ஒரே ஒரு கண்ணிமை முடியை ஒட்டிக்கணும். தலைமுடி ஆகாது, துவண்டுடும். இமை முடிதான் தானே வளைஞ்சு, நுனி கூர்த்து, மெதுவா இருக்கும்.

டாக்டர் இமை நரைச்சுப் போச்சு, தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாது. என் இமை கட்டை. எங்க அம்மா வழி எல்லாருக்கும் அப்படித்தான், எங்க பெரியம்மாவைப் பொண்ணு பார்க்க வந்தவங்க இதைச் சொல்லித்தான் தட்டிக் கழிச்சாங்க, அப்புறம் அவ இன்னும் நல்ல இடத்துக்குப் போனா. சரி, அதை விடுங்க. ஷமீருக்குத்தான் கன்னுக்குட்டி மாதிரி நீள இமை. மாசத்துக்கு ஒரு தடவை அவனைப் பிடிச்சு உக்கார வச்சு ரெண்டு முடி வாங்குவோம். ஒரு தடவை கண்ணைக் கசக்கிக்கிட்டே சொன்னான்: "இந்தக் கண்ணைப் பார்த்துத்தான் என் பொண்டாட்டி நிக்காஹுக்குச் சம்மதிச்சா, நீங்க அதைப் பிடுங்கிப் பாசிக்குச் சோறு ஊட்டுறீங்க."

பின்வாசல்

ஒரே பலகையில மூணு வகை இருக்கும், மூணும் குட்டையா, மூணுக்கும் வாயைச் சுத்திக் கை. எது எதுன்னு பிரிக்கணும். நானும் ரொம்ப நாள் குழம்பினேன். ஒரு நாள் டாக்டர் சொல்லிக் குடுத்த வழி, சொல்லவே கூச்சமா இருக்கு, ஆனா தொழில்னு வந்துட்டா என்ன கூச்சம். தின்னது எந்த வழியா வெளிய வருதுன்னு பாக்கணுமாம். நம்ம ஹைட்ராய்டுக்குப் பின்வாசலே கெடையாது, வாய் வழியா போனது வாய் வழியாவே வரும். ரெண்டாவது பிரையோசோவா. அதுக்குப் பின்வாசல் உண்டு, ஆனா கைவளையத்துக்கு வெளியில. தொட்டா ஆமை மாதிரி மொத்தமா உள்ள இழுத்துக்கும். மூணாவது என்டோப்ராக்ட். அதுக்குப் பின்வாசல் கைவளையத்துக்கு உள்ளயே, வாய்க்குப் பக்கத்துல. தொட்டா கையை மட்டும் முஷ்டி மாதிரி மடக்கிக்கிட்டு, தண்டை ஆட்டி ஆட்டிச் சலாம் போடும்.

அந்த வாரம் தென்காசியில இருந்து என் நாத்தனார் வந்திருந்தா. கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வச்சிருந்தேன். என்ன வேலை மதினி பாக்குறீங்கன்னு கேட்டா. நானும் விடாம மூணையும் கைய விரிச்சு, மடக்கி, ஆட்டிக் காட்டி விளக்கினேன். சாப்பிடுற நேரம்னு எனக்குத் தோணவே இல்ல. அவ மீன் முள்ளை எடுத்து ஓரமா வச்சுட்டு நிதானமா சொன்னா: "எங்க வீட்டுக்காரரும் மொத வகைதான் மதினி, உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒரே வாய்தான்."

ரெண்டு பாட்டில்

டாக்டர் மேசையில ரெண்டு பாட்டில் எப்பவும் இருக்கும். ஒண்ணுல தூணுல எடுத்த ஹைட்ராய்டு. இன்னொண்ணுல வல்லார்பாடத்துக்கு அந்தாண்ட, கப்பல் போற ஆழத்துல வலை போட்டு எடுத்த ஒரு குட்டி ஜெல்லி, சட்டைப் பொத்தான் அளவு, விளிம்பெல்லாம் கை. இதுக்கு ஒரு பேரு, அதுக்கு வேற பேரு. ரெண்டும் எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல, ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து வச்ச லத்தீன் பேரு, வாயில நுழையாது. டாக்டர் என்ன சொல்றாங்கன்னா, இது ரெண்டும் வேற வேற இல்ல, அம்மாவும் மகளும்.

இந்த வகையில அப்படித்தானாம். அம்மா தூணைப் பிடிச்சுக்கிட்டே இருப்பா. அவ கெளையில குடம் மாதிரி ஒண்ணு முளைக்கும், அதுக்குள்ள டம்ளர் அடுக்கின மாதிரி குட்டிங்க இருக்கும். அது வெளிய வந்து நீந்திப் போயிடும், திரும்ப வராது. போன இடத்துல முட்டை விட்டு, அது எங்கயோ ஒரு தூணுல ஒட்டி, மறுபடியும் ஹைட்ராய்டா வளரும். பேத்தி அச்சு அசல் பாட்டியா இருப்பா, மகள் மட்டும் யாரு மாதிரியும் இருக்க மாட்டா. அதனாலதான் பார்த்தவங்க எல்லாம் தனித்தனிப் பேரு வச்சுட்டாங்க. இது வெளிய வர்றதைப் பார்த்து, வந்ததை வளர்த்து, பாட்டில்ல இருக்கிற ஜெல்லி மாதிரியே ஆக்கிக் காட்டினாத்தான் உலகம் ஒத்துக்கும். டாக்டர் நாப்பது வயசுல இதைச் சொல்ல ஆரம்பிச்சாங்களாம், இப்ப ரிட்டயர் ஆகப் போறாங்க. வடக்க இருந்து ஒரு பெரிய புரொஃபசர் வந்தாரு, ரெண்டு பாட்டிலையும் தூக்கிப் பார்த்தாரு, சிரிச்சாரு. அவர் இங்கிலீஷ்ல சொன்னதை டாக்டர் எனக்கு அப்படியே சொன்னாங்க: "ஒரே தெருவுல குடியிருக்காங்கன்னு அம்மா மகள்னு சொல்லிட முடியுமா, லிஸி?"

ஆலுவாத் தண்ணி

உப்பு இருந்தாத்தான் எங்க பிள்ளைங்க உசிரோட இருக்கும். ஜூன் மாசம் இடவப்பாதி மழை பிடிச்சா ஆலுவாப் பக்கமிருந்து பெரியாறு கலங்கலா இறங்கி வந்து காயல் முழுக்க நல்ல தண்ணி ஆயிடும். ஊருக்கு நல்ல தண்ணி, எங்களுக்குச் சாவுத் தண்ணி. தூணெல்லாம் மொட்டையாயிடும். டாக்டருக்குச் சொந்த ஊரே ஆலுவாதான். "எங்க ஊர்த் தண்ணியே என் பொழப்பைக் கெடுக்குது"ன்னு புலம்புவாங்க. லேப்புக்குள்ள கண்ணாடிச் சில்லுல ஒட்ட வச்சிருந்த கொஞ்சத்தை மட்டும், ஷமீர் காயல் கடல்ல சேர்ற அழிமுகம் தாண்டிப் போயி கேன்ல கொண்டாந்த கடல் தண்ணியில காப்பாத்துவோம்.

என் மக செல்வி அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனதும் அந்த மாதிரி ஒரு மழையிலதான். நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் போற வழியெல்லாம் தண்ணி. அவளுக்குப் பொட்டலம் கட்டின புளிக்குழம்புப் பேஸ்ட் காருக்குள்ளயே கசிஞ்சு, டிரைவர் இன்னும் என்னைப் பார்த்தா முறைக்கிறான். அவ போன மறுநாளு நான் லீவு போடல. வீட்டுல என்ன இருக்கு? டாக்டரும் நானும் ஜெட்டிப் படியில குனிஞ்சு, உப்பு திரும்பிடுச்சான்னு விரலைத் தொட்டுத் தொட்டு நாக்குல வச்சுப் பார்ப்போம். மழை விட்டும் ரொம்ப நாளைக்கு அது சப்புன்னே இருக்கும். டாக்டர் அடுத்த படிக்கு இறங்குவாங்க, அங்க உப்பு இருக்கும்னு நினைப்பு. ஜெட்டிச் சாயாக்கடைப் பரமன் சேட்டன் இதைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு ஒரு நாள் கேட்டாரு: "மழைக்கு எல்லாரும் என் கடையில வந்து சாயா குடிக்கிறாங்க, நீங்க ரெண்டு பேரு மட்டும் என்ன பாவம் பண்ணீங்க, காயலை நக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

காலிக் குடம்

துலா மாசம், நம்ம ஐப்பசியில, உப்பு திரும்பிச்சு. லேப்ல வளர்ந்ததுல குடம் முளைக்க ஆரம்பிச்சது. நான் கூப்பிட்டுக் காட்டினப்ப டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. அஞ்சு மணிப் போட்டைப் பிடிச்சுத்தான் அவங்க எர்ணாகுளத்து வீட்டுக்குப் போகணும், அன்னைக்கு ஓடிப் போயித்தான் ஏறினாங்க. கடைசியாப் பார்த்தப்ப குடம் நெறைய குட்டி, ஒண்ணு மேல ஒண்ணா.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்தா குடம் காலி. விளிம்பு கிழியல, கெளை வாடல, குடம் மட்டும் வெறுமையா நிக்குது. அடுத்த குடமும் அப்படியே. ராத்திரி ஏதோ புழு பூந்து தின்னுடுதுன்னு டாக்டர் சொன்னாங்க. கிண்ணத்துக்கு வலை போட்டு மூடினோம். அப்பவும் காலி. உள்ளுக்குள்ளயே கரைஞ்சு போகுதோன்னு சந்தேகப்பட்டு, இன்னும் சுத்தமா வச்சுக்கணும்னு முடிவு பண்ணாங்க. டாக்டர் போட்ட சட்டம் ஏற்கெனவே ஒண்ணு உண்டு. காலையில நான் வந்ததும் மொத வேலையா நேத்தைய தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி விடணும், தின்ன மிச்சம் அழுகக் கூடாது. அதை இன்னும் கறாராப் பண்ணினோம். கிண்ணம் பளபளன்னு இருக்கும், குடம் காலியா இருக்கும். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இது குட்டியை விடும்னு டாக்டருக்கு ஒரு கணக்கு, அதனால தினமும் பத்து மணிக்கு வந்து உக்காந்து சாயங்காலம் வரைக்கும் பார்ப்பாங்க. ஒரு நாள் ஷமீர் என்கிட்ட மெதுவா சொன்னான்: "சேச்சி, டாக்டர் உக்காந்திருக்கிறதைப் பார்த்தா, கடைசி போட்டும் போனப்புறம் ஜெட்டியில உக்காந்திருக்கிற ஆளு மாதிரி இருக்கு."

ஹர்த்தால்

அப்ப ஒரு ஹர்த்தால் வந்துச்சு. யாரு, எதுக்குன்னு எனக்கு ஞாபகம் இல்ல. எங்க ஊர்ல ஹர்த்தால்னா ஆறுலருந்து ஆறு, ஷட்டர் தூக்கக் கூடாது, வண்டி ஓடக் கூடாது, முந்தின நாளே கோழிக்கடையில வரிசை நிக்கும். லேப் கேட்டும் பூட்டு. எனக்கு இருப்புக் கொள்ளல. நேத்தைய தண்ணி அப்படியே கெடக்குதே, இந்நேரம் நாறியிருக்குமே, மொத்தமும் செத்துப் போயிருக்குமேன்னு வீட்டுக்கும் வாசலுக்குமா நடந்தேன். டாக்டர் போன் மேல போன். சாயங்காலம் ஆறு அடிச்சதும் ஓடின மொத போட்டுலயே வந்து இறங்கிட்டாங்க, மழைக் கோட்டோட. நான் சாவியோட நின்னேன்.

உள்ள போனதும் நான் பழக்க தோஷத்துல கிண்ணத்தைத் தூக்கினேன், கொட்ட. "மொதல்ல பார்த்துடறேன், எவ்வளவு செத்திருக்குன்னு"ன்னு டாக்டர் வாங்கி வச்சாங்க. குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க நிமிரல. எனக்குப் பயம் வந்துடுச்சு, என்ன டாக்டர், எல்லாம் போச்சான்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாங்க. அந்தக் கலங்கல் தண்ணியில, மிச்சம் மீதி மிதக்கிற அழுக்குக்கு நடுவுல, கண்ணாடிப் பொட்டு மாதிரி ஒண்ணு சுருங்கி விரிஞ்சு, சுருங்கி விரிஞ்சு போச்சு. நாலு கை. அந்தப் பக்கம் இன்னொண்ணு. ராத்திரி வெளிய வந்திருக்கு. தினமும் வந்திருக்கு. தினமும் காலையில நான் அதைக் கொட்டிட்டு, பளபளன்னு கிண்ணத்தைக் கழுவி வச்சிருக்கேன்.

சிங்க் பக்கம் பார்க்கவே முடியல. டாக்டர் சிரிச்சாங்களா அழுதாங்களான்னு இன்னைக்கும் எனக்குத் தெளிவில்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க: "காலையில மொத வேலையா தண்ணியைக் கொட்டணும்னு சட்டம் போட்டது நான்தானே, சேச்சி?"

மக்ரிப் நேரம்

தண்ணியில கெடக்கிறதைப் பார்த்தாச்சு. ஆனா குடத்துல இருந்து வெளிய வர்றதைக் கண்ணால பார்க்கணும், அதுதானே ஆசை. டாக்டர் போட்டுக்குக் கெளம்பின பிறகு, இருட்டத் தொடங்கும் போது வருதுன்னு புரிஞ்சுபோச்சு. மறுநாள் டாக்டர் போட்டை விட்டுட்டு இருந்துட்டாங்க. டார்ச்சுல சிவப்புத் தாள் சுத்தி, லைட்டை அணைச்சு, ஜன்னலைச் சாத்தினோம். பள்ளிவாசல்ல மக்ரிப் பாங்கு சொன்னாங்க. ஷமீர் தொழப் போனான். டாக்டர் கண்ணை எடுக்காம குனிஞ்சிருந்தாங்க. உள்ள துடிக்குது, துடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. குடத்துக்கு உள்ளேயே சுருங்கி விரியுதாம், வெளிய போற மாதிரி வருதாம், திரும்ப உள்ள நிக்குதாம். ரொம்ப நேரம் ஆச்சு. அவங்க கழுத்துல தேய்மானம் உண்டு, பிடிச்சுக்கிச்சு. "ஒரு நிமிஷம் நீங்க பாருங்க சேச்சி, நான் இந்தக் கழுத்தைத் திருப்பிக்கிறேன்"ன்னு எழுந்தாங்க.

நான் கண்ணை வச்சேன். வச்ச உடனே, குடத்து வாயில அது மடிஞ்சு பிதுங்கி, பாதி உள்ள பாதி வெளியன்னு சிக்கிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ஒரே உதறு. குடை மாதிரி விரிஞ்சுடுச்சு. நாலு கையும் நீண்டுச்சு. ஒரு தடவை சுருங்கிச்சு, ரெண்டாவது தடவை சுருங்கிச்சு, என் கண்ணாடி வட்டத்தை விட்டே போயிடுச்சு. டாக்டர்னு கூப்பிடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் அசையாம இருந்ததுலயே அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. இருபது வருஷம் காத்திருந்த பொம்பளை, கழுத்துல கையை வச்சுக்கிட்டு இருட்டுல நிக்கிறாங்க.

"போயிடுச்சா?"ன்னு கேட்டாங்க. போயிடுச்சு டாக்டர்னேன். அவ்வளவு பெரிய விஞ்ஞானி, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாங்க: "திரும்பிப் பார்த்துச்சா?"

ஷவர்மா மோட்டார்

நாலு கையோட பொறந்தது, பாட்டில்ல இருக்கிற ஜெல்லி மாதிரி பதினாறு கை வளரணும், அப்பத்தான் உலகம் நம்பும். வளர்க்கிறது லேசா? அசையாத தண்ணியில விட்டா அடியில போயி ஒட்டிச் செத்துடும். வேகமாக் கலக்கினா கிழிஞ்சுடும். தொட்டில் ஆட்டுற மாதிரி மெதுவா, விடாம சுத்தணும். ஷமீர் யோசிச்சான். ஃபோர்ட் கொச்சியில ஷவர்மாக் கடை வச்சிருக்கிற அவனோட மச்சான்கிட்ட இருந்து, கம்பியைச் சுத்துற பழைய மோட்டாரைக் கழட்டிக்கிட்டு வந்துட்டான். அதுல ஒரு கண்ணாடித் தகட்டைக் கட்டித் தண்ணியில இறக்கினோம். கச்சிதமான வேகம். கொஞ்ச நாளைக்கு லேப் முழுக்கப் பூண்டு வாசம்.

இறால் குஞ்சை நசுக்கி, அதையும் பாதியாக்கி ஊட்டுவேன். ஒவ்வொண்ணா கரைஞ்சு போச்சுங்க. செத்தா உடம்பு கெடக்காது இதுக்கு, தண்ணியோட தண்ணியாயிடும், தேடக் கூட ஒண்ணும் இருக்காது. கடைசியில ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு. விளிம்புல மொட்டு மொட்டா வந்து, ஒவ்வொரு கையா நீட்டிச்சு. அது பெருசாகப் பெருசாக நான் கையை எண்ணுறதையே விட்டுட்டேன். பதினாறு கை ஆனதும் அதை மயங்க வச்சு, ஃபார்மலின்ல போட்டுச் சாட்சியா வைக்கணும்னு எனக்குத் தெரியுமே. எர்ணாகுளம் பிராட்வேயில வாங்கின மெந்தால் கட்டியை டாக்டர் எடுத்து மேசை மேல வச்சுட்டாங்க, தைலம் மாதிரி வாசம். கை விரிஞ்சபடியே அது தூங்கணும், அதுக்குத்தான்.

அந்த ஞாயித்துக்கிழமை நான் சும்மாத்தான் லேப்புக்குப் போனேன், அதைப் பார்க்க. அப்பத்தான் செல்வி வீடியோ கால் போட்டா. நான் போனைக் கிண்ணத்துக்கு மேல பிடிச்சு, இந்தா பாரு, நான் வளர்த்தது, நாளைக்கு இருக்காது, எவ்வளவு அழகா நீந்துதுன்னு பாருட்டின்னேன். போன்ல அதெல்லாம் எங்க தெரியும்? அவ அங்க குளிர்ல கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு, மூஞ்சியைக் கிட்டக் கொண்டு வந்து உத்து உத்துப் பார்த்துட்டுச் சொன்னா: "வெறும் தண்ணியைக் காட்டிட்டு எதுக்கும்மா அழுவுற?"

யார் பேரு

திங்கக்கிழமை டாக்டரே பண்ணாங்க, என்னைப் பண்ணச் சொல்லல. பாட்டில் ஜெல்லியையும் நாங்க வளர்த்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. கையும் ஒரே மாதிரி, வயிறும் ஒரே மாதிரி, விளிம்பும் ஒரே மாதிரி. அம்மாவும் மகளும்தான். எழுதி அனுப்பினாங்க, ரிட்டயர் ஆகுறதுக்குள்ளயே அது அச்சுலயும் வந்துடுச்சு. வடக்க இருக்கிற புரொஃபசர் போன் பண்ணி வாழ்த்தினாராம். அதுக்கப்புறமும் குடத்துல இருந்து எத்தனையோ வெளிய வந்துச்சு, ஆனா சொன்னா நம்ப மாட்டீங்க, டாக்டர் கண் சிமிட்டுற நேரத்துலயோ தும்முற நேரத்துலயோதான் ஒவ்வொண்ணும் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அவங்க பார்க்கல. ரிட்டயர் ஆகி ஆலுவாவுக்கே குடி போனப்புறமும் சாயங்காலமானா அங்கருந்து வந்து உக்காந்துக்கிறாங்க. நானும் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிறேன்.

ரெண்டு பாட்டிலுக்கும் இனிமே ஒரே பேரு. சீட்டு மாத்தி ஒட்ட என்கிட்ட குடுத்தாங்க. நான் பசையை எடுத்துக்கிட்டு நேரா ஜெல்லி பாட்டிலுக்குத்தான் போனேன், அதோட பேரைக் கிழிக்க. பின்னே? பெத்தவ பேருதானே ரெண்டுக்கும் வரும். டாக்டர் வேண்டாம் வேண்டாம்னு தடுத்தாங்க. மாத்த வேண்டியது ஹைட்ராய்டு பாட்டிலைத்தானாம். ஜெல்லியை யாரோ ஒரு கப்பல்காரங்க தூரத்துக் கடல்ல முன்னாடியே பிடிச்சுப் பேரு வச்சுட்டாங்களாம். தூணுல இருந்தவளுக்கு அப்புறம் வச்ச பேரு இனிமே செல்லாதாம். இது என்ன டாக்டர் நியாயம், பெத்து வளர்த்தது இவதானேன்னு கேட்டேன். அவங்க ஹைட்ராய்டு பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாங்க: "யாரு பெத்தாங்கன்னு சட்டம் பார்க்காது சேச்சி, யாரை மொதல்ல ஊரு கண்டுச்சுன்னுதான் பார்க்கும்."

மொத்தத்துல எங்க தொழில் இவ்வளவுதாங்க, பெத்தவ தூணைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிப்பா, விட்டுட்டுப் போனவ பேரைத்தான் அவ பாட்டில்ல ஒட்டணும்.